உயிரோடு இருக்கிறதற்கு ஒரு கடதாசி

1

நான் நோர்வேயை விட்டு நெடுந்தீவுக்கு வந்து இந்தத் தையோடு மூன்று வருடம். அதற்காக அங்கே உள்ள நம்முடைய தமிழ்ச் சங்கத்து மலருக்கு ஏதாவது சொல்லச் சொல்லி, மலரைத் தொகுக்கிற வசந்தி கேட்டாள். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பது அங்கே உங்கள் எல்லாருக்கும் தெரியும். ஆகவே நான் தொலைபேசியில் பேசிப் பேசி அனுப்புகிறேன், வசந்தி அதை நேராக்கி எழுத்தில் போடுவாள். எங்காவது கதை வழிதவறிப் போனால் அவளைப் பேசுங்கள். எனக்கு வழிதவறாமல் கதைக்க வராது.

முதலில் சுகச் செய்தி. நான் உயிரோடு இருக்கிறேன்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், போன மார்கழியில் மூன்று கிழமை, டிசம்பர் தொடக்கத்திலிருந்து இருபது நாள், நான் உயிரோடு இல்லை. அந்த மூன்று கிழமையும் நன்றாகச் சாப்பிட்டேன், நன்றாக நித்திரை கொண்டேன், முற்றத்து முருங்கையைக் கடிக்க வந்த மாட்டைக் கலைத்தேன். ஆனால் அங்கே ஓய்வூதியக் கந்தோரில் என் பெயருக்குப் பக்கத்தில் ஆள் இல்லை என்று போட்டுவிட்டார்கள். அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன். பிழை அவர்களுடையது இல்லை. முழுக்க என்னுடையது.

2

இங்கே நான் வெளிநாட்டுக்காரி. சிரிக்காதீர்கள், உண்மை. நெடுந்தீவில் பிறந்து, நெடுந்தீவில் கலியாணம் கட்டி, முப்பத்து மூன்று வயது வரை இந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்தவள் இப்போது நோர்வேக் கடவுச்சீட்டும் விசாவுமாக இருக்கிறேன். கொழும்புக் கந்தோரில் ஓர் ஐயா என் படிவத்தைப் பார்த்துவிட்டுத் தலையை நிமிர்த்தினார்.

"அம்மா, இந்த நாட்டிலை தங்கி இருக்கிறதுக்கு என்ன காரணம்?"

"வெயில்," என்றேன்.

"வெயிலோ?"

"ஓம் ஐயா. அங்கை இரண்டு மாசம் சூரியன் எழும்பாது. நானும் காத்திருந்து காத்திருந்து களைச்சுப் போனன்."

அவர் பேனையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். பிறகு முத்திரையைக் குத்தினார். நல்ல மனுசன்.

என்னோடு மீன் தொழிற்சாலையில் வேலை செய்த பெரிட், அவள்தான் எங்கள் மேற்பார்வைக்காரி, நான் புறப்படும்போது சொன்னாள்: "நாங்கள் வயசு போனால் வெயிலுக்கு ஸ்பெயினுக்குப் போவம். நீ உன்ரை ஸ்பெயினுக்குப் போறாய்." அவளுக்கு நெடுந்தீவைப் பற்றி நான் சொன்னதெல்லாம் கல், மாடு, கடல், வெயில் என்ற நான்கு சொற்கள்தான். அதற்கு மேல் எனக்கு அந்த மொழியில் வரவில்லை. ஆனால் அந்த நான்கும் போதும். இப்போது என்னைச் சுற்றி இருப்பதும் அவைதான்.

என் வளவைச் சுற்றிக் கடலில் எடுத்த முருகைக்கல் வேலி. சாந்து பூசாமல் கல்லின்மேல் கல்லாக அடுக்கியது. எந்தக் காற்றுக்கும் விழாது. ஏன் தெரியுமா? இடுக்குக்குள்ளால் காற்றைப் போக விடும். காற்றை மட்டும் இல்லை, கதையையும் போக விடும். அந்தப் பக்கம் புஷ்பம் வீடு. புஷ்பம் வேதக்காரி, புருசன் கடலோடு போனபின் தனியாக இருக்கிறாள், என்னைவிடப் பத்து வயது இளமை, நாக்குக்கு வயதே இல்லை. காலை ஆறரைக்கு என் குசினியில் புகை எழும்பாவிட்டால் வேலிக்கு மேலால் அவளுடைய தலை வரும்.

"என்னக்கா, இருக்கிறியளோ, போட்டியளோ?"

"இருக்கிறன். நெருப்புத்தான் பிடிக்குதில்லை."

"அப்ப சரி. நான் பாதருக்குச் சொல்லி அனுப்புவமோ எண்டு பாத்தன்."

உயிரோடு இருக்கிறேனா என்று இந்தத் தீவில் கேட்கிற முறை இதுதான். அதற்குக் கடதாசி இல்லை, முத்திரை இல்லை.

பிறகு அவள் படலையால் வருவாள், தேத்தண்ணி குடிப்பாள், என் சுவரில் தொங்குகிற கிழிக்கிற கலண்டரை எனக்கு வாசிப்பாள். என்ன கிழமை, என்ன திதி, ராகுகாலம் எத்தனை மணிக்கு, என்ன யோகம். ஒரு வேதக்காரி என் பஞ்சாங்கத்தைத் தினமும் வாசித்து, "அக்கா, இண்டைக்கு அமிர்தயோகம், பல்லு விளக்கலாம்" என்று சொல்லுவாள். வேறு எந்த ஊரில் இப்படி நடக்கும்?

3

இனி அங்கே உள்ள என் வீட்டைப் பற்றி. ஓம், நான் வீடு என்றுதான் சொல்கிறேன். முப்பது வருடம் இருந்த இடத்தை வேறு என்னவென்று சொல்லுவது?

என் மனுசன் முதலில் போனார், பிறகு என்னையும் மகள் சுகந்தியையும் எடுப்பித்தார். நாங்கள் போய் இறங்கியது கார்த்திகை மாதம். மத்தியானம் இரண்டு மணிக்கு இருட்டு. சுகந்தி அப்போது சின்னப் பிள்ளை. "அம்மா, படுக்கப் போவமோ?" என்று கேட்டாள். நான் பாய் தேடினேன்.

தொழிற்சாலையில் முதல் நாள் பெரிட் என்னை ஒரு மேசைக்கு முன்னால் கொண்டுபோய் விட்டாள். இதுவா என் இடம் என்று கையால் கேட்டேன். அவள் கண்ணை விரித்து, மூச்சை "ஹ்ஹப்" என்று உள்ளே இழுத்தாள். இந்தப் பெண்ணுக்கு ஏதோ வருத்தம், இப்போது விழப் போகிறாள் என்று தண்ணீர் எடுக்க ஓடினேன். திரும்பி வந்தால் எல்லாரும் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு நிற்கிறார்கள். அங்கே வடக்கில் அதுதான் "ஓம்". உங்களுக்குத் தெரியும். மலரை வேறு ஊரார் வாசித்தால் அவர்களும் அறியட்டும். குளிருக்குள் வாயைத் திறந்து சூட்டை வெளியே விடாமல், சொல்லை உள்ளே இழுத்துச் சொல்லுகிற சனம். என்ன புத்தி பாருங்கள்!

அந்தப் பெரிட்தான் எனக்குக் கையெழுத்துப் பழக்கினாள். சம்பளக் கடதாசியில் நான் பெருவிரலை மையில் தோய்க்கப் போக, அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். மீன் பெட்டி மூடியில் சுண்ணக்கட்டியால் நாலு எழுத்துக் கீறினாள். அன்னலட்சுமி நீளம் என்று அங்கே எல்லாருக்கும் நான் அன்னா. முதல் எழுத்து ஒரு கூடாரம். அடுத்த இரண்டும் ஒரே மாதிரி வளைந்த இரண்டு வாசல். கடைசி எழுத்து, வாலைச் சுருட்டிக்கொண்டு கிடக்கிற ஒரு நண்டு. கூடாரம், வாசல், வாசல், நண்டு. அந்த மத்தியானம் முழுக்க நான் மீனுக்கு மேலே விரலால் அதையே கீறிக்கொண்டு நின்றேன்.

பள்ளிக்கூடத்துக்கு இரண்டே நாள் போனவள் நான். மூன்றாம் நாள் மாட்டோடு விட்டார்கள். அப்படிப்பட்டவளை ஒரு நாடு கூப்பிட்டு, வேலை தந்து, பெயர் எழுதப் பழக்கி, வயது போனபின், "நீ எந்தக் கடற்கரையில் வேண்டுமானாலும் போய் இரு, உன்னுடையது உன்னைத் தேடி வரும்" என்று சொல்லுகிறது. அந்த நாடு என்னிடம் வருடத்துக்கு ஒரு தடவை ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறது: அன்னா, இருக்கிறாயா? ஓர் அரசாங்கம் இதைவிட மரியாதையாக என்ன கேட்கும்?

அந்த ஒரு கேள்விக்குத்தான் நான் நேரத்துக்குப் பதில் சொல்லவில்லை.

4

அந்த மூச்சுப் பழக்கம் என்னோடு இங்கேயும் வந்துவிட்டது. வந்த புதிதில் புஷ்பம் வேலிக்கு அங்காலே நின்று, "அக்கா, மீன் வேணுமோ?" என்று கேட்டாள். நான் யோசிக்காமல் "ஹ்ஹப்" என்றேன். அவள் கையில் இருந்த மீன் கூடையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"முட்டோ அக்கா? எத்தினை நாளா இந்த இழுப்பு?"

"முட்டு இல்லையடி. ஓம் எண்டு சொன்னனான்."

"ஓம் எண்டு சொல்லுற இழுப்பை நான் ஒரு இடமும் கேள்விப்படேல்லை. உந்தக் குளிர் நாடு உங்கடை நெஞ்சைத் திண்டு போட்டுது."

அன்று பின்னேரமே மல்லியும் இஞ்சியும் போட்டுக் குடிநீர் அவித்துக்கொண்டு வந்துவிட்டாள். நான் குடித்தேன். என்ன விளக்கினாலும் அவள் நம்பவில்லை. மூன்று வருடமாக, நான் மறந்துபோய் மூச்சை இழுக்கிற ஒவ்வொரு நாளும் குடிநீர் வருகிறது. இப்போதெல்லாம் குடிநீர் வேண்டுமென்றால் வேண்டுமென்றே இழுப்பேன். வசந்தி, இதை எழுதாதே, அவள் மலரை எங்காவது பிடித்து வாசித்துவிடுவாள்.

சரி, கடதாசிக்கு வருவோம். ஐப்பசி கடைசியில் தபால்காரர் சைக்கிளில் கொண்டுவந்து தந்தார். நீல உறை, உள்ளே ஓய்வூதியக் கந்தோரின் கடதாசி. அதில் டொக்டர் என்னை நேரில் பார்த்து, இவ உயிரோடு இருக்கிறா என்று கையெழுத்து வைக்க வேண்டும். அவவுக்கு முன்னால் நானும் என் கூடாரம், வாசல், வாசல், நண்டைக் கீற வேண்டும். நாளும் ஒன்று குறித்திருந்தது, அதற்குள் போய்ச் சேர வேண்டும். அவகாசம் நிறைய இருந்தது. ஆகவே நான் வைத்தேன், வைத்தேன், இன்னும் கொஞ்சம் வைத்தேன். கார்த்திகையில் ஒரு வெள்ளிக்கிழமை, தலை முழுகி, நல்ல சேலை கட்டி, உறையைக் கையில் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டேன்.

படலையில் புஷ்பம். "எங்கையக்கா மாப்பிள்ளை பாக்கவோ?"

"டொக்டரிட்டை. உயிரோடை இருக்கிறன் எண்டு கையெழுத்து வைக்க. நீ இன்னும் கலண்டர் வாசிக்கேல்லை, ஒருக்கா வாசி."

அவள் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். சொல்லுவமா விடுவமா என்று ஒரு முழி.

"என்ன?"

"மரணயோகம்."

நான் திரும்பிப் போய்த் திண்ணையில் இருந்துவிட்டேன்.

"அக்கா, உது சும்மா சின்ன எழுத்திலைதான் போட்டுக் கிடக்கு."

"எழுத்துப் பெரிசோ சின்னனோ, மரணயோகத்திலை போய் நான் உயிரோடை இருக்கிறன் எண்டு கையெழுத்து வைக்கிறதோ? ஆரும் கேட்டாச் சிரிப்பினம்."

"நான் இப்பவே சிரிக்கிறன். எங்கடை ஆக்களுக்கு ஒரு யோகமும் இல்லை, நாங்களும் இருக்கிறம்தானே!"

"நீங்கள் வேதக்காரர். உங்களை அந்தோனியார் பாப்பார். என்னை ஆர் பாக்கிறது? நாளைக்குப் போறன்."

சேலையை மாற்றிவிட்டுச் சோறு வைத்தேன். அன்று பின்னேர வள்ளத்தில் டொக்டர் லீவில் யாழ்ப்பாணம் போய்விட்டா. இரவோடு வாடைக்காற்று எழும்பியது.

5

அந்தக் காற்றைப் பற்றி அங்கே இருக்கிற பிள்ளைகளுக்கு விளங்காது. பனைகள் தலைவிரி கோலமாக ஆடும். கடல் சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி வெள்ளையாய்ப் பொங்கும். துறையில் கட்டின வள்ளங்கள் ஒன்றோடு ஒன்று முட்டிக்கொண்டு நிற்கும். வள்ளம் ஓடவில்லை என்றால் டொக்டரும் இல்லை, தபாலும் இல்லை, வெங்காயமும் இல்லை. ஒரு கிழமைக்கு மேல் அப்படிக் கிடந்தோம். என் நீல உறை அலுமாரிக்குள் சேலைக்குக் கீழே கிடந்தது.

காற்று அடங்கி முதல் வள்ளத்தில் டொக்டர் வந்து இறங்கினா. இளம் பிள்ளை, மட்டக்களப்புப் பக்கத்தவ, வாந்தி எடுத்துக் களைத்துப்போய் நேரே ஆஸ்பத்திரிக்கு வந்தா. பெரியாஸ்பத்திரிகளைக் கண்டவள் நான், சொல்லுகிறேன், இவ மாதிரி நோயாளியின் முகத்தைப் பார்த்துக் கதைக்கிற டொக்டர் எங்கேயும் குறைவு. நான் நடந்ததைச் சொன்னேன்.

"அம்மா, அந்த வெள்ளிக்கிழமை பின்னேரம் வரைக்கும் நான் இங்கதானே இருந்த."

"இருந்தியள் பிள்ளை. ஆனா மரணயோகம்."

அவ கடதாசியைத் தன் பக்கம் இழுத்தா. "இண்டைக்கு என்ன யோகம்?"

"சித்தயோகம்."

"அப்ப வாங்க," என்று பேனையை எடுத்தா. இருவரும் கையெழுத்து வைத்தோம். நண்டுக்கு வால் கொஞ்சம் நீண்டுவிட்டது.

கடதாசி போனது. ஆனால் குறித்த நாள் அதற்கு முன்பே போய்விட்டது.

மார்கழி தொடக்கத்தில் சுகந்தி தொலைபேசி எடுத்தாள். என் வளவில் கிணற்றடிக் கல்லில் ஏறி, வேலிப் பக்கம் திரும்பி நின்று, ஸ்பீக்கரைப் போட்டால்தான் தொலைபேசி தெளிவாகக் கேட்கும். ஏறி நின்றேன்.

"அம்மா, பென்சன் நிண்டு போச்சு. கடதாசி வந்து சேரேல்லை எண்டு உங்களை ஆள் இல்லை எண்டு வைச்சிருக்கினம்."

"நான் இருக்கிறனே!"

"எனக்குத் தெரியும் நீங்கள் இருக்கிறது. அவைக்குத் தெரியாது." பிறகு குரல் மாறியது. "அம்மா, போதும். வந்திடுங்கோ. இப்ப கடதாசி போகாமல் கிடந்தது. நாளைக்கு உங்களுக்கு ஒண்டு நடந்து, அண்டைக்கு வள்ளம் ஓடாட்டி? நான் இஞ்சை இருந்து என்ன செய்யிறது? தைக்கு டிக்கெட் பாத்து வைச்சிருக்கிறன். ஒரு வழிப் பயணம்."

அவள் சொன்னதில் பிழை இல்லை. பிள்ளை பயப்படுகிறாள், அந்தப் பயம் என்னைப் பற்றியது. மாயாவிடம் கொடு என்றேன். மாயா என் பேத்தி, பதினாலு வயது. நான் தமிழில் கேட்டால் அவளுக்கு எல்லாம் விளங்கும், வாயால்தான் வராது. "சுகமோ குஞ்சு?" என்றால் நோர்வே மொழியில் ஒரு சொல். "சாப்பிட்டியோ?" என்றால் இன்னொரு சொல். அன்று அந்த ஒரு சொல்லும் இல்லை. தாயிடம் தொலைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

நான் கல்லில் இருந்து இறங்கினேன். வேலிக்கு அங்காலே முருங்கை இலை பறிக்கிற சாட்டில் புஷ்பம் நின்றாள். முழுக்கக் கேட்டுவிட்டாள். அன்று அவள் ஒரு பகிடியும் விடவில்லை. அதுதான் எனக்குக் கூடப் பயமாக இருந்தது.

ஆனால் மறுநாள் காலையில் வேலிக்கு மேலால் ஒரு பை என் முற்றத்தில் வந்து விழுந்தது. உள்ளே விளைமீன்.

"என்னடி இது?"

"செத்த ஆக்களுக்குப் படையல் வைக்கிறது உங்கடை வழக்கம்தானே. இந்தாங்கோ படையல்."

அதோடு தொடங்கியது. அன்னலட்சுமி செத்த கதை தீவு முழுக்கப் போய்விட்டது. கடைக்காரர் ஒரு போத்தல் நல்லெண்ணெய் அனுப்பினார். பால் கொண்டுவருகிற மனுசி, "ஆவிக்கு ஆடையோடை குடுக்கட்டோ?" என்று கேட்டாள். தபால்காரர் ஒவ்வொரு வள்ளமும் வந்த கையோடு என் படலைக்கு வந்து, "இன்னும் உயிர் வரேல்லை அம்மா," என்று சொல்லிவிட்டுத்தான் மற்ற வீடுகளுக்குப் போனார். மூன்று கிழமை நான் ஒரு கத்தரிக்காய்கூட விலைக்கு வாங்கவில்லை. சுகந்தி கேட்ட கேள்விக்கு, வள்ளம் ஓடாத நாளில் என்ன செய்யிறது என்ற கேள்விக்கு, இந்தச் சனம் தங்கள் பாட்டில் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. அதை அவளுக்கு எப்படி விளங்கப்படுத்துவது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

6

யேசு பிறந்த நத்தார் நாளுக்கு முதல், கந்தோரில் ஓர் அதிகாரி என்னோடு நேரே கதைக்கச் சம்மதித்தார். சுகந்தி அங்கே இருந்து மூன்று பேரையும் ஒரே தொடர்பில் இணைத்தாள். அங்கே காலை ஒன்பது மணி, இங்கே உச்சி வெயில். நான் தலையில் சேலைத் தலைப்பைப் போட்டுக்கொண்டு கல்லில் ஏறி நின்றேன். வேலிக்கு அங்காலே முருங்கை மரத்தில் இனிப் பறிக்க இலை இல்லை, ஆனாலும் புஷ்பம் நின்றாள்.

"அன்னா, நீதானா?" என்றார் அதிகாரி. அங்கே பிரதமரும் நீதான், மீன் வெட்டுகிறவளும் நீதான். அந்த நீயில் எனக்கு எவ்வளவு விருப்பம்!

அந்த நாடு எனக்குத் தந்த அடையாள எண், பதினொரு இலக்கத்தையும் கேட்டார். அதை நான் தேவாரம் மாதிரி ஒரே மூச்சில் சொல்லுவேன். சொன்னேன். பிறகு, கடதாசி ஏன் பிந்தியது என்று கேட்டார்.

"அம்மா, காத்து எண்டு மட்டும் சொல்லுங்கோ," என்று சுகந்தி தமிழில் இரகசியமாகச் சொன்னாள்.

எனக்குப் பொய் சொல்லுகிற அளவுக்கு அந்த மொழி தெரியாது. உள்ளதைச் சொன்னேன். "எங்களிடம் ஒரு கலண்டர் இருக்கிறது. அன்றைக்கு அதில் சாவு நாள் என்று போட்டிருந்தது. சாவு நாளில் நீ போய், நான் உயிரோடு இருக்கிறேன் என்று எழுதிக் கொடுப்பாயா?"

சுகந்தி நெற்றியில் அடிப்பது எனக்கு இங்கே கேட்டது.

பிறகு அதிகாரி மெல்லச் சொன்னார்: "என் அப்பா மீன்பிடிக்காரர். வெள்ளிக்கிழமையில் புது வலையைத் தண்ணீரில் இறக்க மாட்டார்."

"அதுவும் வெள்ளிக்கிழமைதான்!" என்றேன்.

"உன் கடதாசி வந்துதான் இருக்கிறது, அன்னா. நேற்று வந்த குவியலுக்குள் கண்டேன். ஒன்று மட்டும் நான் கேட்டு எழுத வேண்டும். நீ தொடர்ந்து அங்கேயேதான் இருக்கப் போகிறாயா?"

மூன்று வருடமாகச் சுகந்திக்கு நான் சொல்லத் துணியாத பதில் அது. அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். ஒரு வழிப் பயணம் என்று பார்த்து வைத்த டிக்கெட்டும் தெரியும். சொல்லை வெளியே விட எனக்கு வாய் வரவில்லை.

"ஹ்ஹப்," என்று உள்ளே இழுத்தேன்.

அதிகாரி வெடித்துச் சிரித்தார். "வடக்கில் வாழாத ஒருவராலும் இப்படிச் சொல்ல முடியாது. நீ உயிரோடு இருக்கிறாய், நான் எழுதிக்கொள்கிறேன்," என்று சொல்லி, எனக்கும் என் தீவுக்கும் நத்தார் வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

தொடர்பில் நானும் சுகந்தியும் மட்டும்.

"அம்மா, அவ்வளவு விருப்பமோ அங்கை?"

"ஓம் பிள்ளை."

"நீங்கள் அந்த ஆளுக்கு மரணயோகம் விளங்கப்படுத்தினது..." அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "சரி. டிக்கெட்டுக்கு நான் இன்னும் காசு கட்டேல்லை. அதைத் திருப்பிப் போடுறன். உங்களுக்கு வேண்டாம், நான் வாறன். நான் வந்து உங்கடை டொக்டரையும் பாக்கோணும், அந்தப் புஷ்பம் அன்ரியையும் பாக்கோணும். பாத்தாத்தான் எனக்கு நித்திரை வரும்."

"மாயா?"

"அவளையே கேளுங்கோ."

தொலைபேசி கை மாறுகிற சத்தம் கேட்டது. நான் கல்லில் குதி உயர்த்தி நின்றேன்.

"குஞ்சு, அம்மம்மாட்டை வாறியோ?"

பிறகு அந்தப் பக்கத்திலிருந்து, சின்னதாக, தெளிவாக, மூச்சை உள்ளே இழுக்கிற சத்தம்.

வேலிக்கு மேலால் புஷ்பத்தின் தலை வந்தது.

"ஐயோ அக்கா, பிள்ளைக்கும் முட்டோ? வரச் சொல்லுங்கோ, குடிநீர் கூட அவிப்பம்."

பிறகு நான் அறையைக் கூட்டி, கட்டிலுக்கு வலை கட்டி, அவர்கள் வந்து இறங்குகிற நாளைக் கலண்டரில் பார்க்கச் சொன்னேன். புஷ்பம் தாள் தாளாகப் புரட்டி, அந்தத் தாளைக் கண்டுபிடித்தாள். என்ன யோகம் என்று கேட்டேன்.

அவள் அந்தத் தாளைக் கிழித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, "நல்ல நாள்," என்றாள்.

நான் மேற்கொண்டு கேட்கவில்லை.